ஓடிப்போகிறவள் பொத்தான் தைப்பாளா

கருமாதி நோட்டீஸில் விஜயகலா அண்ணியைப் பற்றி ஐந்து வரிகள் இருந்தன. எஹலியகொடப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். பெல்மதுளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். ஏழு வருடம் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தார். நாற்பத்திரண்டாவது வயதில் டெங்குக் காய்ச்சலில் காலமானார். கணவர் யோகராஜ், ஒரு மகள். யோகராஜ் என் அண்ணன். நோட்டீஸை எழுதிக்கொடுத்தது நான்தான். அதற்கு மேல் இடமில்லை என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த மூன்றாவது வரி அண்ணிக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர்தான் இருப்போம்.

தாய்மார் கொழுந்து மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. அண்ணி அங்கே உதவியாளாகச் சேர்ந்தபோது சீதாதேவி அம்மா பொறுப்பாக இருந்தார். தினமும் ஆபீசுக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை போகவேண்டும். எத்தனை பிள்ளைகள், எத்தனை பேருக்குக் காய்ச்சல், பால்மா எவ்வளவு மீதம் என்று நாலு வரி. சீதாதேவி அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்தபிறகு அண்ணிதான் எழுதினார். பழைய அறிக்கையைப் பார்த்து எழுதிப் பழகி, பிறகு பார்க்காமலே எழுதினார். கையெழுத்து மட்டும் சீதாதேவி அம்மா போடுவார்.

சீதாதேவி அம்மா ஓய்வுபெறப் போகும் வருடத்தில் ஆபீஸ் பலகையில் கம்பனியின் அறிவித்தல் ஒட்டப்பட்டது. புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர் சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடங்கள் சித்தியடைந்திருக்க வேண்டும், அதில் ஆங்கிலமும் இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அண்ணியிடம் பள்ளிக்கூட நாளில் எடுத்த நாலு பாடங்கள் இருந்தன. வரும் ஏப்ரல் முப்பதாம் தேதி முப்பத்தைந்து முடிகிறது. இடையில் இருந்தது ஒரே ஒரு டிசம்பர் பரீட்சை. அதில் தவறினால் இரத்தினபுரியிலிருந்து யாரையாவது கொண்டுவந்து போடுவார்கள். உதவியாள் இடத்துக்கும் புதிதாக ஒரு பெண்ணை எடுத்துவிட்டதால், அண்ணி மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகவேண்டியதுதான்.

மூன்று பாடங்களுக்கு விண்ணப்பிப்பதென்று முடிவானது. ஆங்கிலம், சுகாதாரம், தமிழ் இலக்கியம். சுகாதாரம் அண்ணிக்குத் தினசரி வேலை. தமிழ் இலக்கியம் விருப்பம். ஆங்கிலத்துக்கு நான் இருந்தேன். கல்வியியற் கல்லூரியில் ஆங்கிலம் படித்து முடித்து, பெல்மதுளையில் ஒரு சின்னப் பாடசாலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

டவுனில் கணினி வைத்திருக்கும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் விண்ணப்பத்தை நிரப்பக் கொடுத்தார் அண்ணி. நான் அன்றைக்குக் கூடப் போகவில்லை. அனுமதி அட்டை வந்த நாளில்தான் பார்த்தேன். ஆங்கிலம் இருந்தது. சுகாதாரம் இருந்தது. மூன்றாவது வரியில் ஆங்கில இலக்கிய நயம் என்று இருந்தது.

"என்ன அண்ணி இது?"

"எது?"

"இங்கிலீஷ் லிட்ரச்சர் போட்டிருக்கு. தமிழ் இலக்கியம் இல்ல."

அண்ணி அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அந்தக் கடைப் புள்ள கேஷானி கடகடன்னு வாசிச்சிச்சி. 'மேக நேத?'ன்னு கேட்டிச்சி. நான் 'ஓவ் நோனா'ன்னேன்." ஆமாம் அம்மணி என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்.

"இதுதானேன்னு கேட்டா, எதுன்னு பாக்காமயா ஓவ்ங்கிறது?"

"கையில மவுச வச்சிக்கிட்டு கேக்குது. இல்லன்னா சொல்லச் சொல்ற?"

அண்ணன் கட்டிலில் கிடந்தபடி சிரித்தார். "இருவது வயசுப் புள்ள ஒனக்கு நோனா. நல்லவேளை, வைத்தியர் வேலைக்கான்னு கேக்கல. அதுக்கும் ஓவ் சொல்லியிருப்ப."

திருத்துவதற்கான கடைசி நாள் போய்விட்டிருந்தது. சுகாதாரம் அநேகமாக வரும். ஆனால் அது கைவிட்டால் ஆறு பாடங்கள் சேர இந்த மூன்றாவதுதான் துணை. எங்கள் பாடசாலையில் யாரும் அந்தப் பாடத்தை எடுப்பதே இல்லை. நான் இரத்தினபுரிக்குப் போய்ப் பாடநூலை வாங்கி வந்தேன். கதைகள், கவிதைகள், ஒரு சின்ன நாடகம். எல்லாம் ஆங்கிலத்தில்.

நான்கு மாதம் படித்தோம். சமைக்கும் நேரத்தில் நான் கதையை வாசித்துத் தமிழில் சொல்வேன். அண்ணி வெங்காயம் உரித்தபடி கேட்பார். பிறகு அதே பக்கத்தை ஆங்கிலத்தில் அவரே வாசிப்பார், தெரியாத சொல்லுக்குக் கீழே நகத்தால் கீறிக்கொண்டு. கதை பிடித்துப்போனால் இரண்டாம் தரம் வாசிக்கும்போது சொற்கள் தானாகவே விளங்கின. எனக்குக் கல்லூரியில்கூட அப்படி விளங்கியதில்லை.

சிக்கல் எழுதத் தொடங்கியபோது வந்தது. பாடநூலில் ஒரு தோணிக்காரனின் கதை இருந்தது. தாயில்லாத ஒரே மகள், வயதான தகப்பனிடம் சொல்லாமல் ஒரு விடியற்காலையில் பட்டணத்து ஆலை வேலைக்குப் போய்விடுகிறாள். மாதிரி வினாத்தாளில் கேள்வி இப்படி: மகள் இரக்கமற்றவள். இதற்கு நீங்கள் உடன்படுகிறீர்களா? அண்ணி எழுதியிருந்தார்: ஆம், நான் உடன்படுகிறேன். மகள் மிகவும் இரக்கமற்றவள். அவள் கெட்ட பெண். அதற்குப் பிறகு ஒரு பக்கத்துக்குக் கதை முழுவதும் இருந்தது.

"அண்ணி, உண்மையிலயே அவள கெட்டவன்னு நெனக்கிறீங்களா?"

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். "யாரு, அவளா? எரக்கமில்லாதவளா? போற அன்னிக்கி ராத்திரி கஞ்சி காய்ச்சி மூடி வச்சிட்டுத்தான போறா. அப்பன் சட்டைக்கி அந்துபோன பொத்தான தேடித் தைக்கிறா. ஓடிப்போறவ பொத்தான் தைப்பாளா? சொல்லிட்டுப் போனா அந்தக் கெழவன் போகாதன்னு சொல்லமாட்டான், போன்னுதான் சொல்லுவான். சொல்லிட்டு ஆத்துல எறங்கிருவான். அது தெரிஞ்சிதான் அவ சொல்லாமப் போறா."

நான் பாடநூலைப் புரட்டித் தேடினேன். பொத்தானை நான் கவனித்ததே இல்லை. அது கதையில் அரை வரிதான் வருகிறது.

"இதயே எழுதலாமே அண்ணி."

"எப்பிடி எழுதுறது? பேப்பர்லயே எரக்கமில்லாதவன்னு போட்டிருக்காங்களே."

"அது கேள்வி. நீங்க இல்லன்னு சொல்லலாம்."

"மார்க்கு போடுறது யாரு?"

"அவங்கதான்."

"அப்ப அவங்க சொன்னத இல்லன்னு எழுதினா எப்பிடிப் போடுவாங்க? நல்லா இருக்கு நீ படிச்ச படிப்பு!"

இதை நான் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. உடன்படுகிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் உடன்பட்டார்கள். ஆங்கிலம் தெரியாததால் அப்படி எழுதுகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு மலையைப் பிரித்துக் கொடுக்கும்போது, தாளும் பேனாவும் வைத்திருப்பவரிடம் சரிங்க என்று சொல்லிச் சொல்லி நாலு தலைமுறை ஆகிவிட்டது. வினாத்தாளும் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது.

அண்ணியை மாற்றியது என் விளக்கம் அல்ல. அவருடைய வேலைதான். ஒரு நாள் பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"புதுசா வந்த உதவியாள் புள்ள, எது அழுதாலும் பால் போத்தல நீட்டுது. ஒன்னு துணி நனஞ்சி அழுவும், ஒன்னு தூக்கத்துக்கு அழுவும், ஒன்னுக்கு எறும்பு கடிச்சிருக்கும். எதுக்கு அழுவுதுன்னு பாருடீன்னு சொன்னேன். சொல்லிக்கிட்டே வரும்போது நெனச்சேன், நானும் அதானே செய்றேன். என்ன கேள்வின்னாலும் கதய முழுசா நீட்டுறேன்."

அன்றிலிருந்து கேள்வியைப் பார்த்தவுடன் எழுதமாட்டார். எதற்கு அழுகிறது என்று முணுமுணுப்பார். ஏன் என்ற சொல்லுக்கும் எப்படி என்ற சொல்லுக்கும் கீழே கோடு போடுவார். ஓரத்தில் கேள்விக்கு எத்தனை புள்ளி, எத்தனை மார்க்கு என்று பார்த்து, அத்தனை விஷயங்களை விரல்விட்டு எண்ணுவார். ஒவ்வொரு விஷயத்துக்கும் கதையிலிருந்து ஒரு பொத்தான் வேண்டும் என்பார். ஆதாரம் என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதே இல்லை. "இதுக்குப் பொத்தான் எங்க?" என்று என்னையே கேட்டு மடக்குவார். ஒரு தடவை அண்ணன், தான் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தபோதும் அதையேதான் கேட்டார்.

பரீட்சை நிலையம் டவுனில் ஒரு பாடசாலை. முதல் நாள் வாசலில் ஓர் ஆசிரியை அண்ணியை மறித்தார். "அம்மலா எளியே இன்ன." பெற்றோர் வெளியே நிற்கவேண்டுமாம்.

"மமத் லியன்ன ஆவே, மிஸ்" என்று அண்ணி அனுமதி அட்டையை நீட்டினார். நானும் எழுதத்தான் வந்தேன். அந்த ஆசிரியை அட்டையையும் அண்ணியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போய் மின்விசிறிக்குக் கீழே இருந்த மேசையைக் காட்டினார்.

இலக்கியப் பரீட்சை முடிந்து வந்தபோது அண்ணியின் விரலெல்லாம் மை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் சொன்னார், "ரெண்டு எடத்துல இல்லன்னு எழுதிட்டேன். பொத்தானும் வச்சிட்டேன். இனிமே அவங்க பாடு."

ஆங்கில மொழிப் பரீட்சை முடிந்த நாளில் அப்படிப் பேசவில்லை. எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் வழியில்தான் வாய் திறந்தார். நூல்நிலையத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும்படி நூலகருக்கு நூறு சொற்களில் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

"நல்லா எழுதினேன் தனுஜா. ஆனா நேரம் போயிருச்சி. கடசி ரெண்டு கேள்வியத் தொடவே இல்ல."

"நூறு சொல்லுக்கு எவ்வளவு நேரம் அண்ணி?"

"மொதல்ல நம்ம யாருன்னு சொல்லணுமில்ல. அப்பா பேரு, தோட்டத்துப் பேரு, டிவிஷன், செக்ரோல் நம்பரு. அம்மாவும் அப்பாவும் முப்பது வருசமா ஒரு முறப்பாடும் இல்லாம வேல செஞ்சது. அதுக்கப்பறம்தான விசயத்துக்கு வரணும்."

"விசயத்துக்கு வந்தீங்களா?"

"கடசி வரியில வந்தேன்."

எங்கள் தோட்டத்தில் ஆபீசுக்குப் போகும் மனு எல்லாம் அப்படித்தான், சம்பளப் பதிவேட்டு நம்பரோடுதான் தொடங்கும். இலக்கியத்தில் மூழ்கி, கடிதத்துக்கு நான் ஒரு நாள்கூடப் பயிற்சி கொடுக்கவில்லை. அது என் பிழை. அண்ணி அதைப் பிறகு ஒரு தடவையும் சொல்லிக்காட்டவில்லை.

மார்ச் கடைசியில் பெறுபேறு வந்தது. என் தொலைபேசியில்தான் பார்த்தோம். சுகாதாரம், திறமைச் சித்தி. ஆங்கில இலக்கிய நயம், திறமைச் சித்தி. ஆங்கிலம், சித்தியில்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "அப்ப ஆறு வந்திருச்சில்ல?"

"ஆறு வந்திருச்சி" என்றார் அண்ணி. "இங்கிலீஷ் வரல."

"இது இங்கிலீஷ் இல்லாம சீனமா?"

அதைத்தான் அண்ணி ஆபீசில் கேட்டுப் பார்த்தார். கிளாக்கர் அறிவித்தலைக் காட்டினார். ஆங்கிலம் என்றுதான் இருக்கிறது, இலக்கியம் என்று இல்லை, நான் ஒன்றும் செய்ய முடியாது, தோட்டத்து மேனேஜர் துரைக்கு எழுதிக் கொடு என்றார். ஏப்ரல் முப்பதுக்கு நாலு வாரம் இருந்தது.

தகவல் பரவியதும் தொழிற்சங்கத் தலைவர் ஐயாவு வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் டிவிஷனில் இருபது வருட மனுக்கள் எல்லாம் அவர் கையெழுத்து.

"கவலப்படாத விஜயகலா, நானே எழுதித் தர்றேன். தாழ்மையுடன்கிறத நாலு எடத்துல போட்டு, கடசியில ஒங்க காலடியிலன்னு முடிச்சாத்தான் தொர மனசு எறங்கும்."

"தலைவரே, அவரு மனசு எறங்கணும்னு நான் கேக்கல. கண்ணத் தெறந்து பாக்கட்டும்னு கேக்கறேன்."

"அடேங்கப்பா! ஒரு பரீட்ச எழுதினதுக்கே இந்தப் பேச்சு."

"மூணு எழுதினேன் தலைவரே. ரெண்டுதான் பாஸ். தேத்தண்ணி குடிங்க."

அவர் போனபிறகு நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். அண்ணி அதற்கும் சம்மதிக்கவில்லை. முதலில் சீதாதேவி அம்மா வீட்டுக்குப் போனார். அறிக்கைகளை யார் எழுதியது என்று சொல்லப் போகிறேன், உங்களுக்குச் சங்கடம் இல்லையே என்று கேட்டார். "எழுது. என் கண்ணு போனது அந்தத் தொரைக்குத் தெரியாதா என்ன? அவரு நேருக்கு நேர் வந்தாலும் பெரிய கிளாக்கர்னு நெனச்சி கும்புடுறேன்" என்றாராம் அவர்.

அண்ணி எழுதிய கடிதம் அரைப் பக்கம். ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. திருத்தவா என்று கேட்டேன். "திருத்தினா அது ஒன் கடிதம்" என்றார். அப்பா பெயர் இல்லை. செக்ரோல் நம்பர் இல்லை. முதல் வரியிலேயே விஷயம் இருந்தது: பிள்ளைக்காம்பராப் பொறுப்புக்கு நான் தகுதியில்லை என்ற முடிவுக்கு நான் உடன்படவில்லை. பிறகு மூன்று காரணங்கள். ஒன்று, இலக்கியப் பாடத்தில் ஒவ்வொரு பதிலும் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும், பெறுபேறு இத்துடன். இரண்டு, இந்த வேலைக்குத் தேவையான ஆங்கிலம் தினசரி அறிக்கை, அதைக் கடந்த இரண்டு வருடமாக எழுதியது நான், ஆபீஸ் கோப்பில் உள்ள அறிக்கைகளின் எழுத்தை இந்தக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்று, அந்த இரண்டு வருடத்தில் ஓர் அறிக்கையும் விளங்கவில்லை என்று திரும்பி வரவில்லை.

மூன்று பொத்தான்கள்.

பத்து நாள் கழித்து ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பாடசாலை விடுமுறை என்பதால் நானும் போனேன். துரை இளவயதுக்காரர், கொழும்புப் பக்கம். நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். கதவு திறந்திருந்தது. அண்ணி மேசைக்கு முன்னால் நின்றார். மேசையில் கடிதமும், ஒரு பழைய கோப்பும் திறந்தபடி கிடந்தன.

"கவுத மேக லிவ்வே?" என்றார் துரை. யார் இதை எழுதியது?

"மம தமய், சார்." நானேதான் என்றார் அண்ணி.

துரை கொஞ்ச நேரம் அண்ணியைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அண்ணியின் பக்கம் தள்ளிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார், அப்படியென்றால் இங்கேயே கொஞ்சம் எழுது பார்ப்போம்.

அண்ணி தாளைத் தொடவில்லை. "வாட் இஸ் த கொஸ்டியன், சார்?" என்றார்.

உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கிளாக்கர் தலையைத் தூக்கினார். துரை நாற்காலியில் சாய்ந்தார். கோபமா சிரிப்பா என்று முகத்தில் தெரியவில்லை. கடைசியில் ஒரு கேள்வியைச் சொன்னார்: இரத்தினபுரியிலிருந்து நல்ல ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்ணை நான் கொண்டுவரலாம். ஏன் கொண்டுவரக்கூடாது?

அண்ணி தலையாட்டினார். பிறகு சிங்களத்தில் கேட்டார், எத்தனை புள்ளி சார்?

இப்போது துரை சிரித்துவிட்டார். "பஹய்" என்றார். ஐந்து. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அண்ணி எழுதினார். பதினைந்து நிமிடம் இருக்கும். இடையில் ஒரு தடவை பேனாவை நிறுத்தி, விரல்களை மடக்கி எண்ணினார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். துரை வாசித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, கோப்பில் எதையோ தேடிப் பார்த்தார். பிறகு, இதில் நாலுதான் இருக்கிறது, ஐந்தாவது எங்கே என்றார்.

ஐந்தாவது இல்லை சார் என்றார் அண்ணி.

போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். முடிவு எதுவும் சொல்லவில்லை. பங்களா வளைவைத் தாண்டினோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. நான்தான் கேட்டேன்.

"என்ன அண்ணி எழுதினீங்க?"

"இருவத்தேழு புள்ளைங்க பேரும் தெரியும்னு எழுதினேன். எதுக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு எழுதினேன். தாய்மாருங்க என்ன பாஷ பேசுறாங்க, வர்றவங்களுக்கு அது தெரியுமான்னு எழுதினேன். இந்த ரெண்டு வருசத்துல ஒரு புள்ளயும் எட குறையல, அட்டையில இருக்கு, பாருங்கன்னு எழுதினேன். அதத்தான் அவரு தேடிப் பாத்தாரு."

"அஞ்சாவது ஒன்னு எழுதியிருக்கலாமே. தாளுல எடம் இருந்திச்சே."

"அஞ்சாவது இருந்திச்சி தனுஜா." சேலைத் தலைப்பைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டார். "இந்த வேல போனா நான் மறுபடி மலைக்கித்தான் போகணும், என் முட்டி தாங்காது. அதயும் எழுதலாம்னு பேனாவ வச்சேன். அப்பறம் நெனச்சேன், அது மனு. அவரு கேள்விதான கேட்டாரு."

நியமனக் கடிதம் ஏப்ரல் இருபத்தாறாம் தேதி வந்தது.